நாற்று வேர்பிடிக்கும் காலம்: முதற்பணியில் சேரும் இளைஞர்களும் மன அழுத்தமும்

கொங்கு நாட்டின் பழம்பெருந் தலமாகிய பேரூரில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் நாற்று நடவு விழா நடைபெற்று வருகிறது. சுந்தரமூர்த்தி நாயனார் பேரூருக்கு எழுந்தருளியபோது, பட்டீசுவரப் பெருமான் பச்சைநாயகி அம்மையுடன் உழவர் கோலம் பூண்டு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார் என்பதும், திருக்கோயிலில் இறைவனைக் காணாத நாயனார் வயலுக்கே சென்று கண்டு வணங்கினார் என்பதும் தல வரலாறு. உழைப்பும் இறைமையும் வேறல்ல என்பதை உணர்த்தும் இவ்விழாவில், இக்காலத்து இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் உரிய மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கிறது.

நாற்றங்காலில் நெருக்கமாக, ஒன்றையொன்று தாங்கி வளர்ந்த நாற்றினைப் பிடுங்கி, வயலில் நட்டவுடன் அது தலை தளர்ந்து வாடுவது இயல்பு. நுனி மஞ்சளிக்கும். அதனைக் கண்டு, 'இது பயன்படாத பயிர்' என்று எந்த உழவரும் பிடுங்கி எறிவதில்லை. மெல்லிய அளவில் நீர் நிறுத்தி, சில நாட்கள் பொறுத்திருப்பார். வேரூன்றியதும் பயிர் பச்சை பிடித்து நிமிரும். எங்கேனும் ஓரிடத்தில் பச்சை பிடிக்கவில்லையெனில், அங்கே குனிந்து பார்த்து, குறை என்னவென்று ஆராய்ந்து, அதற்கு ஆவன செய்வார்.

கல்லூரி என்னும் நாற்றங்காலிலிருந்து பணி என்னும் வயலுக்கு வந்து சேரும் நம் பிள்ளைகளின் நிலையும் இத்தகையதே ஆகும். முதற்பணியில் சேர்ந்த சில மாதங்களில் அவர்கள் வாடுவதைக் கண்டு, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை' என்று பெரியவர்கள் கூறுவதும், 'நான்தான் தகுதியற்றவன்' என்று பிள்ளைகளே எண்ணி மருகுவதும் பல இல்லங்களில் நிகழ்கின்றன. இவ்விரண்டும் சரியல்ல. வாட்டம் எதனால் வருகிறது, எது இயல்பு, எது நோய், எவர் எதைச் செய்தல் வேண்டும் என்பவற்றை இங்கே காண்போம்.

மூன்று தலைமுறைகளின் இடப்பெயர்ச்சி

இவ்வாறு வேறு நிலத்தில் நடப்படுவது கொங்கு மக்களுக்குப் புதிதன்று. கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888-ஆம் ஆண்டில் தோன்றியது. 1930-களில் பைக்காரா புனல் மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. மானாவாரிக் காட்டிலும் கிணற்றுப் பாசனத் தோட்டத்திலும் உழைத்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆலைத் தொழிலாளர் ஆயினர். பின்னர் வார்ப்படச் சாலைகளும், பம்புசெட்டுத் தொழிற்கூடங்களும், விசைத்தறிகளும், திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் வளர்ந்தன. 1945-இல் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியும், 1951-இல் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியும் தோன்றி, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் பொறியாளராகும் வாயில் திறந்தது. 2010-இல் விளாங்குறிச்சியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இன்று சரவணம்பட்டி, கீரணத்தம் பகுதிகளில் உள்ள மென்பொருள் நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பணிபுரிகின்றனர். காட்டிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து கணினிக்கும் என்று ஒவ்வொரு தலைமுறையும் தான் அறியாத நிலத்தில் நடப்பட்டே வந்திருக்கிறது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அக்காலத்து ஆலையில் சங்கு ஊதினால் வேலை தொடங்கும். மீண்டும் சங்கு ஊதினால் வேலை முடியும். உடல் களைத்தாலும், வேலை ஆலையோடு நின்றது. உடன் வேலை செய்தவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரராகவோ உறவினராகவோ இருந்தார். இன்றைய பணிக்கு முடிவுச் சங்கு இல்லை. கைப்பேசி வழியாக அது உணவு மேசைக்கும் படுக்கைக்கும் வருகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் நேரத்திற்கு ஏற்ப இரவில் விழித்திருப்போரும் உளர். மொழியும் ஊரும் வேறான தோழர்களோடு, விடுதி அறையில் தனித்து வாழ்வோரும் உளர். தந்தையார் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே உழைத்தார் என்பது உண்மையே. மகனின் சுமை வேறு வகையினது என்பதும் உண்மையே.

மன அழுத்தம் என்பது யாது?

அச்சமோ நெருக்கடியோ நேரும்போது நம் உடல் தன்னைக் காத்துக்கொள்ள ஆயத்தமாகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்பு நீர்கள் மிகுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மெலிகிறது. பாம்பைக் கண்டு துள்ளி விலகும்போது நிகழ்வதும் இதுவே, மேலாளர் கடிந்து பேசும்போது நிகழ்வதும் இதுவே. பாம்பு சென்றபின் உடல் அமைதியுறும். மேலாளரின் சொல்லை மனம் இரவெல்லாம் மீட்டிக்கொண்டிருந்தால், அமைதியுற வேண்டிய உடல் அமைதியுறாது.

ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் 1936-இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். முதலில் திடுக்கிடுதல், அடுத்து எதிர்த்துத் தாங்குதல், தாங்கும் ஆற்றல் தீர்ந்தபின் சோர்ந்து வீழ்தல் என மூன்று படிகளை அவர் கண்டார். 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து வளர்ந்த மற்றொரு கருத்தும் அறியத்தக்கது. ஓரளவு அழுத்தம் செயல்திறனை உயர்த்தும். அளவு கடந்தால் அதுவே திறனைக் கெடுக்கும். வீணையின் நரம்பு தளர்ந்திருந்தால் இசை பிறவாது. மிக முறுக்கினால் அறுந்துவிடும். எனவே, அழுத்தமே இல்லாத பணியை வேண்டுவது பொருளற்றது. அளவு அறிந்து, இடையிடையே தளர்த்துவதே வேண்டுவது.

புதியவர்க்கு ஏன் மிகுதி?

1979-இல் ராபர்ட் கராசெக் என்னும் ஆய்வாளர், ஒருவரிடம் எதிர்பார்க்கப்படும் வேலை மிகுதியாகவும், அவ்வேலையை எவ்வாறு, எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் அழுத்தம் மிகக் கொடிதாகிறது என்று விளக்கினார். புதிதாகச் சேர்ந்தவரின் நிலை இதுவே அன்றோ? வேலை நிறைய, உரிமை இல்லை. தகுதிகாண் பருவம் முடியும் வரை நாளை என்னாகும் என்னும் அச்சமும் உடனிருக்கும்.

கல்லூரியில் பாடத்திட்டம் இருந்தது, தேர்வு நாள் முன்னரே தெரிந்திருந்தது, மதிப்பெண் வந்தது. பணியிடத்தில் பாடத்திட்டம் இல்லை. செய்தது சரியா என்பதை எவரும் உடனே சொல்வதில்லை. தவறு நேர்ந்தால் மட்டுமே சொல்வர். மார்லின் கிரேமர் என்னும் அமெரிக்கச் செவிலியியல் அறிஞர், புதிதாகப் பணியேற்ற செவிலியர்களை ஆராய்ந்து 1974-இல் ஒரு நூல் வெளியிட்டார். படித்த காலத்தில் கொண்ட கனவும் பணியிடத்தின் நடைமுறையும் மோதும்போது ஏற்படும் அதிர்ச்சியே பலர் தொழிலை விட்டு விலகக் காரணம் என்று அதில் காட்டினார். தொடக்கத்தில் மகிழ்ச்சி, அடுத்து அதிர்ச்சி, பின்னர் மெல்லத் தேறுதல், இறுதியில் நிலைபெறுதல் என்பது அவர் கண்ட வரிசை. அதிர்ச்சிக்குப் பின் தேறுதல் உண்டு என்பதை அந்நேரத்தில் எடுத்துச் சொல்ல ஒருவர் அருகில் இருந்தால், பாதிச் சுமை குறையும்.

நம் பகுதியில் இவற்றோடு குடும்பப் பொறுப்பும் சேர்கிறது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர் என்னும் பெருமை, அவர் தோல்வியுறக் கூடாது என்னும் பாரமாகவும் ஆகிவிடுகிறது. வங்கிக் கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விலக்கு உண்டு. பலருக்கு முதற்பணியில் காலூன்றுவதற்குள் அந்த ஓராண்டு முடிந்துவிடுகிறது. தங்கையின் படிப்பு, வீட்டின் கூரை, தந்தையின் மருத்துவம் ஆகிய யாவும் அந்த முதற்சம்பளத்தை எதிர்நோக்கியிருக்கும். 'வேலை பிடிக்கவில்லை' என்னும் சொல்லை வாய்விட்டுச் சொல்லவே இயலாத நிலை பல பிள்ளைகளுக்கு உண்டு.

வாட்டமா, நோயா?

முதல் சில வாரங்களில் பதற்றம், மறதி, வீட்டு நினைவு, களைப்பு ஆகியவை வருவது வேர்பிடிக்கும் வாட்டமே. வேலை பழகப் பழக அவை குறையும். குறையாமல் மிகுந்துகொண்டே போனால் கவனித்தல் வேண்டும்.

உறக்கம் வாராமை அல்லது இடையில் விழித்துக்கொள்ளுதல், ஞாயிற்றுக்கிழமை மாலையானதும் நெஞ்சு படபடத்தல், காரணம் புலப்படாத தலைவலி, வயிற்றுவலி, உணவில் வெறுப்பு, வீட்டார் மீது சினம், நண்பர்களின் அழைப்பை ஏற்காமை, முன்பு மகிழ்வித்த பாட்டும் விளையாட்டும் சலித்துப்போதல், மது முதலியவற்றை நாடுதல் ஆகியவை அடையாளங்கள். மனத்தளர்ச்சியும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும். 'இருந்து என்ன பயன்' என்னும் எண்ணம் ஒருமுறை தோன்றினாலும், இரண்டு வாரம் காத்திருத்தல் கூடாது; அன்றே ஒருவரிடம் சொல்லியாக வேண்டும்.

உலக நல நிறுவனம் 2019-இல் தனது நோய் வகைப்பாட்டின் பதினோராம் திருத்தத்தில் பணிச்சோர்வு பற்றி விளக்கியுள்ளது. அஃது ஒரு நோயன்று. சீர்செய்யப்படாத நெடுநாள் பணி அழுத்தத்தின் விளைவு என்பது அவ்விளக்கம். ஆற்றல் வற்றிப்போதல், பணியின்பால் வெறுப்பு, தன் திறனில் நம்பிக்கை இழத்தல் என்னும் மூன்றும் அதன் கூறுகள். அந்நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்திற்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல் எனக் காணப்பட்டது. வாரம் 48 மணி நேரம் என்னும் வரம்பைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-லேயே தனது முதல் உடன்படிக்கையில் வகுத்தது என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

செங்குன்றூர் காட்டும் நெறி

'இந்தத் துறை என்றால் அப்படித்தான் இருக்கும்', 'என் தலைவிதி' என்னும் இரண்டு சொற்கள் இத்துன்பத்தைத் தீராமல் வைத்திருப்பவை. இவ்விரண்டிற்கும் விடையாக அமைந்த நிகழ்ச்சி ஒன்று நம் கொங்கு நாட்டிலேயே நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார்.

திருஞானசம்பந்தர் சோழ நாட்டிலிருந்து அடியார் கூட்டத்துடன் கொங்கு நாட்டிற்கு எழுந்தருளினார். கொடிமாடச் செங்குன்றூர் என்னும் திருச்செங்கோட்டில் வழிபட்டு, பவானியாகிய திருநணாவுக்குச் சென்று, மீண்டும் செங்குன்றூரில் தங்கியிருந்தார். பனிக்காலம் வந்தது. அப்பகுதியில் அப்பருவத்தில் வரும் குளிர்சுரம், புதிதாக வந்த அடியார்களைப் பற்றியது. அது அந்நிலத்தின் இயல்பு என்பதைச் சம்பந்தர் அறிந்தார். நிலத்தின் இயல்பேயாயினும் நம்மவரை அது வருத்தலாகாது எனக் கருதி, திருநீலகண்டப் பதிகத்தைப் பாடியருளினார். வினையால் வந்தது என்று சொல்லிக்கொண்டு, மீளும் வழியை நாடாதிருத்தல் குறையன்றோ என்னும் கருத்தோடு அப்பதிகம் தொடங்குகிறது.

இங்கே நோக்கத்தக்கவை சில உள. நோயுற்றவர்களை அவர் பக்தியில் குறைந்தவர்கள் என்று கடியவில்லை. ஊரின் இயல்பு இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடவும் இல்லை. நோயுறாத தம்மையும் நோயுற்ற அவர்களோடு சேர்த்து 'எம்மை' என்று வைத்தே பாடினார். புதிய இடத்தில் வந்த துன்பத்தை, வந்தவரின் தனிக்குறையாகக் கருதாமல் எல்லோருக்கும் உரிய பொறுப்பாகக் கொண்டார். இந்நெறியே இல்லத்திற்கும் அலுவலகத்திற்கும் ஏற்றது.

இளைஞர்கள் செய்யத்தக்கன

முதலாவது, உறக்கம். நாள்தோறும் ஏழு மணி நேரத்திற்குக் குறையாமல் உறங்குதல் வேண்டும். படுக்கைக்குக் கைப்பேசியை எடுத்துச் செல்லாதிருத்தல் நன்று.

இரண்டாவது, கேட்டல். தெரியாததைத் தெரியாது என்று முதல் ஆறு மாதத்தில் சொல்வது இழிவன்று. இரண்டாண்டு கழித்துச் சொல்வதே கடினம். ஐயங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, மூத்தவரிடம் நாளுக்கு ஒருமுறை சேர்த்துக் கேட்கலாம். மூன்று வேலைகள் ஒன்றாக வந்தால், 'இவற்றுள் எதை முதலில் முடிக்கட்டும்?' என்று பணிவுடன் கேட்பது மறுப்பாகாது. எதை முதலில் செய்வது என்னும் முடிவில் சிறிதளவு பங்கு கிடைத்தாலும் அழுத்தம் குறையும்.

மூன்றாவது, உடலுக்குரிய கடமை. நேரத்திற்கு உணவு, நாளுக்கு அரைமணி நேர நடை. விடுமுறை நாளில் மருதமலைப் படிகளில் ஏறி இறங்குவது உடலுக்கும் உள்ளத்திற்கும் ஒருங்கே நன்மை தரும். திருக்கோயில் மண்டபத்தில் கைப்பேசியை அணைத்துவிட்டு அமைதியாக அமர்ந்திருத்தலும், மூச்சினை மெல்ல இழுத்து மெல்ல விடுதலும் படபடப்பைத் தணிக்கும்.

நான்காவது, செலவு. முதற்சம்பளத்தில் இருசக்கர வாகனத்திற்கும் கைப்பேசிக்கும் தவணை கட்டத் தொடங்கினால், பிடிக்காத பணியையும் விட இயலாத கட்டு ஏற்படும். மூன்று மாதச் செலவுக்கு வேண்டிய தொகையை முதலில் சேமித்தல், மனத்திற்குப் பெரும் விடுதலை தரும்.

ஐந்தாவது, பகிர்தல். உள்ளதை உள்ளபடி சொல்லத்தக்க ஒருவரையேனும் வைத்துக்கொள்ளுங்கள். பேசியும் முயன்றும் நிலை மாறாத இடத்தை, அடுத்த வழியை ஆராய்ந்தபின் விட்டு விலகுவது தோல்வியன்று. வயல் மாற்றி நட்ட பயிரும் விளைவதுண்டு.

பெற்றோர்க்கும் பணி தருவோர்க்கும்

மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், அல்லது தொலைபேசியில் பேசும் பிள்ளையிடம், 'சம்பளம் ஏறியதா?' என்று கேட்பதற்கு முன் 'சாப்பிட்டாயா? தூங்கினாயா?' என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் அறிவுரையை நிறுத்தி வைத்து முழுதும் கேளுங்கள். பங்காளி வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். 'முடியவில்லையென்றால் வீடு இருக்கிறது' என்று ஒருமுறை வாய்திறந்து சொல்லுங்கள். அச்சொல் ஒன்றே பல பிள்ளைகளைத் தொடர்ந்து பணியில் நிற்கச் செய்யும் வலிமை உடையது.

2024-ஆம் ஆண்டு பூனா நகரில், பணியில் சேர்ந்த சில மாதங்களில் ஓர் இளம் பட்டயக் கணக்காளர் காலமானதும், அவருக்கு இருந்த பணிச்சுமை பற்றித் தாயார் நிறுவனத்துக்கு எழுதிய மடல் நாடெங்கும் பேசப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அம்மடலைப் படித்த ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளையை எண்ணிக் கலங்கினர். தொழிற்கூடமும் அலுவலகமும் நடத்தும் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. புதியவர் ஒவ்வொருவருக்கும் ஐயம் கேட்க ஒரு மூத்தவரைக் காட்டுங்கள். தவறினைத் தனியே அழைத்துத் திருத்துங்கள். பலர் முன்னிலையில் இகழாதீர்கள். நன்றாகச் செய்ததை அன்றே சொல்லுங்கள். அக்காலத்து ஆலைச் சங்கினைப் போல, வேலை முடியும் நேரம் ஒன்றை வகுத்து, அதற்குப் பின் அழைக்காதிருங்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

மனநலத்திற்கு மருத்துவரை நாடுவது, காய்ச்சலுக்கு நாடுவது போன்றதே. வழிபாடு உள்ளத்திற்கு உறுதி தரும். மருத்துவம் செய்ய வேண்டியதை மருத்துவமே செய்தல் வேண்டும். கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்படும் உரிமையை நோயாளிக்கு அளித்திருக்கிறது. ஆதலின், அலுவலகத்திற்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் மருத்துவரை நாடாமல் இருக்க வேண்டியதில்லை.

சம்பந்தர் பாடிய பின், உடன் வந்த அடியார்களை மட்டுமன்றி அந்நாட்டவரையும் குளிர்சுரம் நீங்கிற்று என்பர். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை துன்பத்தை வாய்விட்டுச் சொல்லி உதவி பெற்றால், அதைக் காணும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லும் துணிவு வரும். நம் பிள்ளைகள் நட்ட இடத்தில் வேர்பிடித்து, பச்சை கட்டி, தம் குடும்பத்திற்கும் நாட்டிற்கும் விளைவு தருவாராக. அதுவரை நீர் நிறுத்திக் காக்கும் உழவராக நாம் அருகில் இருப்போமாக.